முகப்பும் உட்பகுதியும்: தரவுத்தள மொழியில் பேக்கேஜ் என்னும் ஏற்பாடு



நூற்பாலைச் சங்கொலி கேட்டு வளர்ந்த ஊர் நம் ஊர். ஆலையிலிருந்து திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்குப் போகும் நூல் கோனை நம்மில் பலர் கையில் எடுத்துப் பார்த்திருப்போம். அதில் ஒட்டியிருக்கும் சீட்டில் நூலின் நம்பர் அச்சிடப்பட்டிருக்கும். 40ஆம் நம்பர் நூல் என்றால், ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் 40 அடங்கும் என்று பொருள். அதாவது மொத்தம் 33,600 கஜம்.

பனியன் துணி பின்னுகிறவருக்கு வேண்டிய செய்தி இதுதான். எந்தெந்தப் பஞ்சை எந்த அளவில் கலந்தார்கள், கார்டிங் இயந்திரம் எத்தனை, சிம்ப்ளெக்ஸில் எத்தனை கதிர்கள் என்பனவெல்லாம் அவருக்குத் தேவையில்லை. பஞ்சுக் கலவை ஆலையின் உள்விவகாரம். அடுத்த மாதம் ஆலைக்காரர் கலவையை மாற்றினாலும், சீட்டில் சொன்ன நம்பரும் தரமும் மாறாதவரை பின்னல் இயந்திரத்தில் ஒரு திருகைக்கூடத் திருப்ப வேண்டியதில்லை.

வெளியாருக்குச் சொல்லும் செய்தி ஒன்று; உள்ளே நடக்கும் வேலை வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்து வைக்கும் ஏற்பாடு கணிப்பொறித் துறையிலும் உண்டு. அதன் பெயர் பேக்கேஜ். தரவுத்தள மொழிகளில் இது எப்படி வந்தது, எங்கே இருக்கிறது, எங்கே இல்லை, இல்லாத இடத்தில் என்ன செய்கிறார்கள் என்பதைக் கணிப்பொறி அறிவியல் பிரிவு மாணவியராகிய நாங்கள் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் தரவு அருவமாக்கம், வரையெல்லை என்னும் பாடங்கள் ஒரு புறமும், வினவல் மொழி மற்றொரு புறமும் இருக்கின்றன. இவை சந்திக்கும் இடமே நம் பொருள்.

தரவுத்தளம்: ஒரு நினைவூட்டல்

1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் கணித அறிஞர், தகவல்களை எளிய அட்டவணைகளாக அமைத்து, அட்டவணைகளுக்கிடையே உள்ள உறவைக் கொண்டே வேண்டியதைத் தேடி எடுக்கலாம் என்று ஒரு கட்டுரையில் விளக்கினார். இதுவே உறவுநிலைத் தரவுத்தளத்தின் தொடக்கம். 1974இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் இதற்கென ஒரு வினவல் மொழியை வெளியிட்டார்கள். இன்று எஸ்.க்யூ.எல். என்று நாம் பயிலும் மொழியின் மூத்த வடிவம் அதுவே.

எஸ்.க்யூ.எல். மொழியின் சிறப்பு யாதெனில், அதில் நமக்கு 'என்ன வேண்டும்' என்று சொன்னால் போதும். 'எப்படித் தேடுவது' என்பதைத் தரவுத்தளமே பார்த்துக்கொள்ளும். 'பத்தாம் வகுப்பில் கணக்கில் 90க்கு மேல் வாங்கியவர் யார்?' என்று கேட்டால் பெயர்ப் பட்டியல் வந்துவிடும்.

ஆனால் எல்லா வேலையும் ஒரே கேள்வியில் முடிவதில்லை. 'இந்தத் தொகை வரவானால் ரசீது எண் கொடு. பாக்கி இருந்தால் அடுத்த தவணையில் சேர். தவறான எண் வந்தால் திருப்பி அனுப்பு' என்று படிப்படியாகச் செய்ய வேண்டியவையும் உண்டு. இதற்காக எஸ்.க்யூ.எல். மொழியோடு 'ஆனால்', 'இல்லையேல்', 'மீண்டும் செய்' போன்ற கட்டளைகளைச் சேர்த்துச் செயல்முறை மொழிகளை உண்டாக்கினார்கள். ஆரக்கிள் தரவுத்தளத்தில் 1988இல் வந்த பி.எல். எஸ்.க்யூ.எல். இத்தகையது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 1998இல் 6.4ஆம் பதிப்போடு வந்த பி.எல். பி.ஜி. எஸ்.க்யூ.எல். அதன் தங்கை போன்றது. இத்தகைய மொழியில் எழுதிய செயற்கூறுகளைத் தரவுத்தளத்திற்குள்ளேயே சேமித்து வைத்து, வேண்டும்போது பெயர் சொல்லி அழைக்கலாம்.

பெருகினால் வரும் தொல்லை

பத்துச் செயற்கூறுகள் இருக்கும்வரை தொல்லை இல்லை. நூறு, இருநூறு என்று பெருகும்போது என்ன ஆகும்? ஒரு பள்ளியையே எடுத்துக்கொள்வோம். மதிப்பெண் பிரிவில் 'மொத்தம்' என்று ஒன்று இருக்கும். கட்டணப் பிரிவிலும் 'மொத்தம்' இருக்கும். விடுதிப் பண்டக அறையில் அரிசி, பருப்புக் கணக்குக்கும் ஒரு 'மொத்தம்' வேண்டும். முதல் தொல்லை, பெயர் மோதல்.

இரண்டாவது தொல்லை இதைவிடப் பெரிது. ஒருவர் தம் வசதிக்காக எழுதிய சிறு துணைச் செயற்கூற்றை மற்றொருவர் கண்டு, தம் வேலைக்கும் பயன்படுத்தத் தொடங்குவார். எழுதியவர் ஒரு நாள் அதை மாற்றினால், எங்கோ இருக்கும் மற்றவருடைய கணக்கு தவறும். யார் எதை நம்பியிருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. எல்லாக் கதவும் திறந்து கிடக்கும் வீட்டில் எந்தச் சாமான் எங்கே போயிற்று என்று எப்படிச் சொல்வது?

பேக்கேஜ் வந்த வழி

1972இல் டேவிட் பார்னாஸ் என்னும் அறிஞர் ஒரு முக்கியமான கருத்தை வெளியிட்டார். பெரிய நிரலைப் பகுதிகளாகப் பிரிக்கும்போது, வேலை நடக்கும் வரிசையைப் பார்த்துப் பிரிக்கக் கூடாது. பிற்காலத்தில் எது மாறக்கூடுமோ அதை ஒரு பகுதிக்குள் மறைத்து வைக்குமாறு பிரிக்க வேண்டும் என்றார். மாற்றம் வந்தால் அந்த ஒரு பகுதியோடு நின்றுவிடும்.

அதே 1970களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பார்பரா லிஸ்கோவ் என்னும் அம்மையார், சி.எல்.யூ. என்ற மொழியைத் தம் குழுவினருடன் உருவாக்கினார். ஒரு வகைத் தரவையும் அதைக் கையாளும் செயல்களையும் ஒரே கொத்தாகக் கட்டி, உள்ளே இருப்பதை வெளியார் தொடாதபடி செய்தது அம்மொழி. கணிப்பொறித் துறையின் உயர்ந்த விருதாகிய டூரிங் விருது 2008ஆம் ஆண்டுக்கு அவருக்கு வழங்கப்பெற்றது.

அடுத்து வந்தது ஏடா மொழி. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தேவைக்காக ஜான் இக்பியா என்பவரின் தலைமையில் உருவான இம்மொழி, 1843இல் பகுப்பாய்வு இயந்திரத்தைப் பற்றி விரிவான குறிப்புகள் எழுதிய ஏடா லவ்லேஸ் அம்மையாரின் பெயரைத் தாங்கியது. அவர் பிறந்த ஆண்டு 1815. அம்மொழிக்கான இராணுவத் தர ஆவணத்திற்கும் 1815 என்றே எண் இட்டார்கள்! 1983இல் ஏடா அமெரிக்கத் தேசியத் தரமாயிற்று. அதன் நடுநாயகமான ஏற்பாடே பேக்கேஜ்.

ஆரக்கிள் நிறுவனத்தார் தம் செயல்முறை மொழியை ஏடாவைப் பின்பற்றியே அமைத்தார்கள். 1992இல் வெளிவந்த ஆரக்கிள் 7ஆம் பதிப்பில் செயற்கூறுகளைத் தரவுத்தளத்திற்குள் சேமிக்கும் வசதியும் பேக்கேஜும் இடம் பெற்றன.

பேக்கேஜின் அமைப்பு

பேக்கேஜில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று முகப்பு, மற்றொன்று உட்பகுதி.

முகப்பில் வெளியார் அழைக்கக்கூடிய செயற்கூறுகளின் பெயர், அவற்றுக்குக் கொடுக்க வேண்டிய உள்ளீடு, அவை திருப்பித் தரும் விடையின் வகை ஆகியவை மட்டும் இருக்கும். கோனில் ஒட்டிய சீட்டு இது. உட்பகுதியில் அச்செயற்கூறுகளின் முழு வேலையும் எழுதப்பட்டிருக்கும். முகப்பில் சொல்லாத துணைச் செயற்கூறுகளும் அங்கே இருக்கலாம். அவற்றை வெளியிலிருந்து எவராலும் அழைக்க இயலாது. பஞ்சுக் கலவை இது.

இதனால் விளையும் பயன்களை வரிசையாகக் காண்போம்.

முதலாவது, பெயர் மோதல் தீர்கிறது. 'மதிப்பெண்.மொத்தம்' வேறு, 'கட்டணம்.மொத்தம்' வேறு. வீட்டுப் பெயரோடு சேர்த்து அழைத்தால் ஒரே தெருவில் இரண்டு செல்விகள் இருந்தாலும் குழப்பமில்லை அன்றோ?

இரண்டாவது, முகப்பை மாற்றாமல் உட்பகுதியை மட்டும் திருத்தினால், அதை நம்பியிருக்கும் பிற நிரல்களை மீண்டும் சரிபார்க்க வேண்டியதில்லை. ஆரக்கிள் தரவுத்தளம் 'யார் யாரை நம்பியிருக்கிறார்' என்ற கணக்கைத் தானே வைத்துக்கொள்கிறது. முகப்பு மாறினால்தான் சார்ந்தவற்றை மறுபடி தொகுக்கும்.

மூன்றாவது, அனுமதி வழங்குவது எளிதாகிறது. ஒரு பேக்கேஜை இயக்கும் உரிமையை ஒருவருக்குக் கொடுத்தால் முகப்பில் உள்ள எல்லாவற்றையும் அவர் இயக்கலாம். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும்: பேக்கேஜில் பாதிக்கு மட்டும் உரிமை கொடுக்க முடியாது. இதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

நான்காவது, பேக்கேஜுக்குச் சொந்தமான மாறிகள். இவற்றை ஓர் உவமையால் விளக்கலாம். பாங்கில் ஒவ்வொரு கேஷியருக்கும் ஓர் இழுப்பறை உண்டு. காலையில் வந்து அமர்ந்ததும் தொடக்க இருப்பை எண்ணி வைக்கிறார்; நாள் முழுவதும் அதில் போட்டு எடுக்கிறார்; மாலையில் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். ஒருவர் இழுப்பறையை மற்றவர் தொடுவதில்லை. அதுபோல, ஒருவர் தரவுத்தளத்தில் நுழைந்தது முதல் வெளியேறும்வரை உள்ள காலம் ஓர் அமர்வு. பேக்கேஜின் மாறிகள் ஒவ்வோர் அமர்வுக்கும் தனித்தனியாக இருந்து, அமர்வு முடியும்வரை மதிப்பை நினைவில் வைத்துக்கொள்ளும். பேக்கேஜை முதல் முறை தொட்டவுடன் ஒரே ஒரு தடவை இயங்கும் தொடக்கப் பகுதியும் எழுதலாம். அதுவே காலையில் தொடக்க இருப்பை எண்ணி வைப்பது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இக்காலத்தில் ஆயிரம் பேர் ஒரு செயலியைப் பயன்படுத்தினாலும், தரவுத்தளத்திற்கு இருபது முப்பது இணைப்புகளை மட்டும் திறந்து வைத்து, மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். கேஷியர் நாற்காலியில் ஒருவர் எழுந்ததும் மற்றொருவர் அமர்வது போன்றது இது. இழுப்பறையைக் காலி செய்யாமல் எழுந்தால் அடுத்தவர் கையில் முன்னவர் பணம் அகப்படும்! ஆகவே இணைப்பைக் கைமாற்றும்போது அமர்வின் நினைவைத் துடைக்க வேண்டும். இதற்கான கட்டளைகள் ஆரக்கிளிலும் உண்டு, போஸ்ட்கிரெஸிலும் உண்டு.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

செயல்முறை மொழிக்கான பன்னாட்டுத் தரம் 1996இல் வெளிவந்தது. அதில் பேக்கேஜ் என்ற பெயர் இல்லை. மாட்யூல் என்ற பெயரில் இதையொத்த ஏற்பாடு ஒன்று சொல்லப்பட்டது. ஐ.பி.எம். தன் டி.பி.2 தரவுத்தளத்தின் 9.7ஆம் பதிப்பில், 2009இல், மாட்யூல் வசதியைச் சேர்த்தது. அதில் வெளியாருக்கு உரியதைப் 'பிரசுரி' என்றும், உள்ளுக்கு உரியதைச் 'சேர்' என்றும் இருவேறு கட்டளைகளால் பிரிக்கிறார்கள். அழகான ஏற்பாடு! ஃபயர்பேர்டு என்னும் திறந்தமூலத் தரவுத்தளம் 2016இல் வந்த 3.0 பதிப்பில் பேக்கேஜைக் கொண்டு வந்தது. மரியா டி.பி. 2018இல் வந்த 10.3 பதிப்பில், ஆரக்கிள் முறையைப் பின்பற்றும் நிலையில் இயங்கும்போது பேக்கேஜைப் படைக்க இடமளித்தது.

போஸ்ட்கிரெஸ் கதை வேறு. 1986இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்தது அது. மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், காசில்லாமல் பயன்படுத்தலாம். இத்தனை வளர்ச்சிக்குப் பின்னும் அதன் பொதுப் பதிப்பில் பேக்கேஜ் சேர்க்கப்படவில்லை. அதைத் தழுவி எண்டர்பிரைஸ் டி.பி. நிறுவனம் விற்கும் தனிப் பதிப்பில், ஆரக்கிளைப் போலவே பேக்கேஜைப் படைக்கும் வசதி இருக்கிறது.

இது நமக்கேன் என்று கேட்கலாம். இந்திய அரசு 2015இல் திறந்தமூல மென்பொருளை அரசுப் பணிகளில் ஏற்பதற்கான கொள்கையை அறிவித்தது. ஒரே நிறுவனத்தின் உரிமத்தை ஆண்டுதோறும் நம்பியிராமல், யாவர்க்கும் பொதுவான மென்பொருளுக்கு மாறலாம் என்ற எண்ணம் அரசு அலுவலகங்களிலும் நிறுவனங்களிலும் பரவி வருகிறது. அப்படி ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்குக் குடி பெயரும்போது அட்டவணைகள் பெரும்பாலும் எளிதில் வந்துவிடும். வராமல் வழியில் நிற்பவை பேக்கேஜ்களே. பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த விதிகள் எல்லாம் அவற்றுக்குள் இருக்கின்றன. சரவணம்பட்டியிலும் பீளமேட்டிலும் கணிப்பொறி வேலைக்குப் போகும் நம் அக்காமார்களைக் கேட்டுப் பாருங்கள். இத்தகைய குடிபெயர்ப்பு வேலையைப் பற்றிக் கேள்விப்படாதவர் குறைவாகவே இருப்பார்.

இல்லாத இடத்தில் செய்வது என்ன?

போஸ்ட்கிரெஸில் 2002ஆம் ஆண்டு 7.3ஆம் பதிப்பு முதல் ஸ்கீமா என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒரு தரவுத்தளத்திற்குள் தனித்தனி அறைகள் கட்டுவது போன்றது இது. ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஓர் அறை என்று வைத்துக்கொண்டால் பெயர் மோதல் உடனே தீர்ந்துவிடும். ஆரக்கிளிலிருந்து மாற்றித் தரும் ஓரா டு பி.ஜி. என்னும் கருவியும் பேக்கேஜை ஸ்கீமாவாகவே மாற்றுகிறது. ஆரக்கிளோடு வரும் சில பேக்கேஜ்களின் செயல்களை ஒராஃப்ஸ் என்னும் இணைப்புத் தொகுப்பு போஸ்ட்கிரெஸில் தருகிறது.

ஆனால் அறை வேறு, பேக்கேஜ் வேறு. அறைக்கு முகப்பு, உட்பகுதி என்ற பிரிவு கிடையாது. அறைக்குள் நுழைய அனுமதி பெற்றவர் கண்ணில் எல்லாம் படும். ஆகவே இரண்டு அறைகள் கட்ட வேண்டும். 'கட்டணம்' என்ற வெளி அறை ஒன்று. 'கட்டணம் உள்' என்ற உள் அறை ஒன்று. புதிதாகக் கட்டிய அறைக்குள் பிறர் நுழையப் போஸ்ட்கிரெஸ் தானாக அனுமதி தருவதில்லை. நாம் கொடுத்தால்தான் உண்டு. வெளி அறைக்கு மட்டும் அனுமதி கொடுத்து, உள் அறையைப் பூட்டியே வைக்கலாம்.

அப்படியானால் வெளி அறையில் உள்ள செயற்கூறு உள் அறையிலிருப்பதை எப்படி அழைக்கும்? ஆரக்கிளில் ஒரு செயற்கூறு, வேறு விதமாகச் சொல்லாதவரை, அதைப் படைத்தவரின் உரிமையோடு இயங்கும். போஸ்ட்கிரெஸில் அதை அழைத்தவரின் உரிமையோடு இயங்கும். ஆகவே வெளி அறைச் செயற்கூறுகளைப் 'படைத்தவர் உரிமையில் இயங்குக' என்று குறித்து எழுத வேண்டும். அத்துடன், பெயர்களை எந்த அறைகளில் தேட வேண்டும் என்ற வரிசையையும் அச்செயற்கூற்றிலேயே உறுதியாகக் கட்டிவிட வேண்டும். இல்லையேல் அழைப்பவர் அதே பெயரில் போலி ஒன்றை வேறோர் அறையில் வைத்து ஏமாற்ற வழியுண்டு. அன்றியும், புதிய செயற்கூறு எதையும் யாவரும் இயக்கலாம் என்பதே போஸ்ட்கிரெஸின் இயல்பான நிலை. அந்தப் பொது உரிமையை நீக்கிவிட்டு, வேண்டியவர்க்கு மட்டும் கொடுக்க வேண்டும்.

அமர்வு மாறிகளுக்கு இங்கே நேரான இணை இல்லை. தற்காலிக அட்டவணை ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அல்லது நாமே பெயரிட்ட ஓர் அமைப்பு மதிப்பை அமர்வில் குறித்து வைக்கலாம். பின்னதில் எழுத்து வடிவில்தான் மதிப்பு இருக்கும். அமர்வில் இருப்பவர் எவரும் அதை மாற்றவும் முடியும். இரகசியத்தை அதில் வைப்பது வாசற்படியில் சாவியை வைப்பது போன்றதாகும்.

பேக்கேஜைப் போஸ்ட்கிரெஸிலும் சேர்க்க வேண்டும் என்போர், குடிபெயர்ப்பு எளிதாகும், மறைக்க வேண்டியதை மறைப்பது ஒரே கட்டளையில் முடியும் என்கிறார்கள். வேண்டா என்போர், அறைகள் இருக்கும்போது அதே வேலைக்கு இரண்டாவது ஏற்பாடு குழப்பத்தையே தரும். போஸ்ட்கிரெஸில் பல செயல்முறை மொழிகள் இருக்க, ஒரு மொழிக்கு மட்டும் பேக்கேஜ் எப்படிப் பொருந்தும். சேர்ப்பதானால் பன்னாட்டுத் தரத்தில் உள்ள மாட்யூலையே சேர்க்கலாமே என்கிறார்கள். இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. எங்கள் கருத்தைக் கேட்டால், அறைகளைக் கொண்டு முகப்பையும் உட்பகுதியையும் பிரிக்க முடியும் என்றாலும், அதற்கு நான்கைந்து படிகளை ஒன்றுவிடாமல் செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு படி தவறினாலும் கதவு திறந்துவிடும். மறவாமை ஒன்றையே காவலாக வைப்பதைவிட மொழியே காவல் செய்வது நல்லது. ஆகவே மாட்யூல் வடிவில் அது வருவதே சிறந்தது என்று எண்ணுகிறோம்.

ஒரு கட்டண ஏடு

இப்போது ஓர் எடுத்துக்காட்டைச் செய்து பார்ப்போம். ஒரு பள்ளியில் ஆண்டுக் கட்டணம் 12,000 ரூபாய் என்று கொள்வோம். குடும்ப நிலையைக் கருதிச் சிலருக்குச் சலுகை உண்டு. தந்தை வேலை இழந்திருப்பார், ஆலை மூடியிருக்கும், தாய் ஒருவரே தறி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றுவார். யாருக்குச் சலுகை என்பது தலைமை ஆசிரியைக்கும் அக்குடும்பத்திற்கும் இடையே இருக்க வேண்டிய செய்தி. அது வகுப்பறைக்குத் தெரிந்தால் அந்தச் சிறுமி தலை நிமிர்ந்து வர முடியுமா?

'கட்டணம்' என்று ஒரு பேக்கேஜ் எழுதுகிறோம். முகப்பில் இரண்டு செயற்கூறுகள்: 'செலுத்த வேண்டிய தொகை', 'வரவு வை'. உட்பகுதியில் ஒன்று: 'சலுகை விகிதம்'. அலுவலகத்தில் இருப்பவர் மாணவியின் எண்ணைக் கொடுத்துத் தொகையைக் கேட்கிறார். உள்ளே சலுகை கணக்கிடப்பட்டு, 6,000 ரூபாய் என்று விடை வருகிறது. சலுகை விகிதம் மறைந்தே இருக்கிறது. இலக்கண சுத்தமான பேக்கேஜ்!

ஆனால் சற்றே சிந்தியுங்கள். ஆண்டுக் கட்டணம் 12,000 என்பது அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. இந்த மாணவி செலுத்துவது 6,000. கழித்துப் பார்க்க ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரியுமே! உட்பகுதியில் பூட்டி வைத்த இரகசியத்தை முகப்பே வெளியில் சொல்லிவிட்டது.

ஆக, எதை மறைப்பது என்பதோடு வேலை முடிவதில்லை. எதை வெளியே காட்டுகிறோம் என்பதைத்தான் முதலில் ஆராய வேண்டும். அலுவலகத்தில் இருப்பவர்க்கு உண்மையில் என்ன தேவை? கணக்கு நேராகிவிட்டதா, இல்லையா என்ற ஒரே செய்திதான். பணத்தைப் பெற்றோர் பாங்கில் நேராகக் கட்டிவிடலாம். எனவே முகப்பில் 'கணக்கு நேரா?' என்று ஒரே செயற்கூறு போதும். விடை 'ஆம்' அல்லது 'இல்லை'. முழுக் கட்டணம் கட்டியவருக்கும் 'ஆம்'. சலுகை பெற்றுக் கட்டியவருக்கும் அதே 'ஆம்'.

தொகையைப் பார்க்க வேண்டியவர் தலைமை ஆசிரியை. அவருக்கு உரியதையும் இதே பேக்கேஜில் வைக்கலாமா? கூடாது. பேக்கேஜை இயக்கும் உரிமை முழுமையாகத்தான் கொடுக்கப்படும் என்று மேலே கண்டோம். ஆகவே அது தனிப் பேக்கேஜாக இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் தனித்தனியே உரிமை கொடுக்கலாம் என்பதால் ஒரே அறையிலும் வைக்க முடியும். எனினும் பிரித்து வைப்பதே பார்ப்பவருக்குத் தெளிவு.

இன்னுமொரு நுட்பம். போஸ்ட்கிரெஸில் செயற்கூறுகளின் வரிகள் எல்லாம் ஓர் அமைப்பு அட்டவணையில் எழுத்தாகவே சேமிக்கப்படுகின்றன. தரவுத்தளத்தில் நுழைந்த எவரும் அதைப் படிக்க இயலும். இயக்க உரிமை இல்லாவிட்டாலும் படிக்கலாம். ஆரக்கிளில் இயக்கும் உரிமை மட்டும் பெற்றவருக்கு முகப்பின் வரிகள் தெரியும். உட்பகுதியின் வரிகள் தெரியா. எனவே போஸ்ட்கிரெஸில் எழுதும்போது, 'இன்ன எண்ணுள்ள மாணவிக்கு இவ்வளவு சலுகை' என்று செயற்கூற்றின் வரிகளுக்குள் ஒருபோதும் எழுதக் கூடாது. அதை ஓர் அட்டவணையில் வைத்து, அந்த அட்டவணையைப் படிக்கும் உரிமையைப் பூட்ட வேண்டும்.

பெற்றோர்களே, உங்கள் குடும்பத்தைப் பற்றிய செய்திகள் இன்று எத்தனையோ தரவுத்தளங்களில் இருக்கின்றன. குடும்ப அட்டை, பாங்குக் கணக்கு, மருத்துவமனைச் சீட்டு எனப் பட்டியல் நீளும். அவற்றை யார் பார்க்கலாம் என்பதை எங்கோ ஒருவர் அமர்ந்து, எது முகப்பு, எது உட்பகுதி என்று தீர்மானித்திருக்கிறார். நாளை அந்த நாற்காலியில் உங்கள் மகள் அமரலாம். அவள் மொழியின் இலக்கணத்தோடு, மறுபக்கத்தில் நிற்கும் மனிதரின் மானத்தையும் எண்ணிப் பார்த்து எழுத வேண்டும். அதற்கான பயிற்சியை இப்போதே தொடங்கலாம்.

பயிற்சி வினாக்கள்

1. விடுதிப் பண்டக அறைக்கு ஒரு பேக்கேஜ் எழுத வேண்டும். சமையலறைப் பொறுப்பாளர், பண்டகக் காப்பாளர், கணக்கர் ஆகிய மூவருக்கும் என்னென்ன முகப்பு தேவை? ஒரே பேக்கேஜ் போதுமா?

2. மதிப்பெண் பேக்கேஜின் முகப்பில் 'வகுப்பு சராசரி' மட்டும் இருக்கிறது. தனி மதிப்பெண் மறைக்கப்பட்டுள்ளது. ஒரு பிரிவில் இரண்டே மாணவியர் இருந்தால் ஒருவர் மற்றவருடைய மதிப்பெண்ணைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும் எனின் முகப்பை எப்படித் திருத்துவீர்கள்?

3. ரசீது எண்ணை அமர்வு மாறியில் வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகலாமா? இரண்டு கணிப்பொறிகளில் ஒரே நேரத்தில் ரசீது போட்டால் என்ன நேரும்? கேஷியர் இழுப்பறை உவமையைக் கொண்டு விடை கூறுக.

4. நூல் கோனின் சீட்டில் நூலின் நம்பரோடு பஞ்சுக் கலவையையும் அச்சிட்டால் ஆலைக்கும், வாங்குபவருக்கும் என்ன நன்மை, என்ன தீமை?

போஸ்ட்கிரெஸ் காசில்லாமல் கிடைக்கிறது. நம் கணிப்பொறி ஆய்வகத்தில் அதை நிறுவி, இரண்டு அறைகள் கட்டி, மேலே சொன்ன கட்டண ஏட்டை எழுதிப் பார்க்கலாம். எழுதி முடித்ததும் வேறொரு தோழியை அழைத்து, அலுவலகத்தில் இருப்பவருக்கு உரிய கடவுச்சொல்லை மட்டும் கொடுத்து, சலுகை பெற்றவர் யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவள் அரை மணி நேரம் முயன்றும் கைவிரித்தால் உங்கள் முகப்பு நன்றாக அமைந்திருக்கிறது. கண்டுபிடித்துவிட்டால், எந்த வழியாக என்று கேட்டு அந்த வழியை அடையுங்கள்.